கிடப்பில் கிடந்த டப்பா

அத்தியாயம் 6

பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் வாய்விட்டுத் திட்டுவான். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவளுக்குத் திட்டக்கூடத் தெம்பு இருக்காது. கேளம்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றில், யாரோ ஒரு பையனின் கம்ப்யூட்டர் முன்னால், சங்கரி அந்த ஆஸ்பத்திரிக்காரி மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஃபிளாஸ்க். அதற்குள் ஐஸ் கட்டியும், அவள் புருஷன் வேளை தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டிய இன்சுலின் மருந்தும்.

"ஒண்ணும் வரலியாம்மா?" என்று கேட்டாள் வேண்டா.

சங்கரி மறுபடி மவுஸை அமுக்கினாள். பழைய பக்கமே திரும்பி வந்து நின்றது.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே, துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள் வேண்டா. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்ததில் அலுத்துப்போய், 'இனிமே வேண்டா' என்று சாமியிடம் சொல்லி அப்பன் வைத்த பேர். மாப்பிள்ளைக்குச் சொன்ன வேலை நிஜமா, பெண்ணுக்குச் சொன்ன வயசு நிஜமா என்று விசாரிப்பதுதான் அவள் பிழைப்பு. காணாமல் போன ஆளைத் தேடுவது அவளுக்கே புதுசு. அதைச் சங்கரியிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. 'கூட்டிட்டு வந்துடுவேன்' என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தாள். பாழாய்ப்போன வாய்!

விஷயம் இதுதான். சங்கரியின் கணவர் வரதன், கல்பாக்கம் டவுன்ஷிப்பில் குடியிருக்கும் உத்தியோகஸ்தர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்று கிளம்பினார். இன்று செவ்வாய். அவர் செல்போனும் அணைந்து கிடக்கிறது. சாப்பாடு மூன்று முறை கெட்டுப்போய்விட்டது. ஸ்கூட்டர் மட்டும் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வண்டி நிறுத்தத்தில் ஒழுங்காகப் பூட்டி நிறுத்தியிருந்தது. போலீஸ் வந்து வீட்டு அலமாரியைத் திறந்தது. உள்ளே பூட்டுப் போட்ட மாதிரி மூடி கொண்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், மேப், கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் காலி அட்டைப்பெட்டி. இன்ஸ்பெக்டர் முகம் மாறிவிட்டது.

"அணுமின் நிலையம் இருக்கிற ஊர்ல டப்பா ஒளிச்சு வைக்கிறவரா உங்க வீட்டுக்காரர்? பஸ் ஏறிப் போயிட்டாரும்மா. நாங்க அவரைத் தேடணுமா, பிடிக்கணுமான்னே தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி மருந்து இல்லாமல் வரதன் அதிக நாள் தாங்க மாட்டார். ஓடிப்போகிற சர்க்கரைக்காரன் மருந்தை ஃபிரிட்ஜில் விட்டுவிட்டா ஓடுவான்? இதை வேண்டா ஸ்டேஷனில் கேட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள்.

"எனக்கு இன்னும் மண்டையில ஏறல தம்பி." சுவரோரம் குந்தியிருந்த மோசஸ் வாயைத் திறந்தான். வேண்டாவின் உதவியாள். சொந்த ஆட்டோ, சொந்த வாய், இரண்டுக்கும் பிரேக் கிடையாது. "டப்பாவுல பொம்மை, பென்சிலுன்னு போட்டு ஒளிச்சு வைப்பீங்க. வானத்துல சுத்துற சாட்லைட்டைக் கேட்டுகினு இன்னொருத்தன் வந்து கண்டுபுடிப்பான். கண்டுபுடிச்சு?"

"உள்ள இருக்கிற பேப்பர்ல பேர் எழுதிட்டு, திரும்ப அங்கேயே வச்சிடுவோம்" என்றான் ஆதித்யா. ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரன் அவன்தான். சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, கண்ணாடி, இரண்டு நாள் தாடி. வரதனும் அவனும் விளையாடுகிற விளையாட்டுத்தான் இந்த டப்பா வேட்டை.

"எடுத்துக்க மாட்டீங்க?"

"மாட்டோம்."

"நல்லாப் படிச்சீங்கடா" என்றான் மோசஸ்.

வேண்டா அவனை முறைத்துவிட்டு ஆதித்யா பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதை மறுபடி ஒரு தபா சொல்லு. ஒளிச்சு வச்சா மட்டும் போதாது. அப்புறம்?"

"வெப்சைட்ல எழுதிப் போடணும் மேடம். ரிவ்யூவர்னு ஒருத்தர் இருக்கார். இடம் சரியா, ஆபத்து இல்லையான்னு பார்த்து அவர் ஓகே சொன்னாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் அந்த இடம், வச்சவனுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நம்ம பக்கத்துக்கெல்லாம் 'கடலாமை'ன்னு ஒருத்தர். புனைபேர். ஆள் யாருன்னு யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னு விரும்பறவர்."

"வரதன் சார் புதுசா ஒண்ணு வச்சுட்டு ஓகே வராம காத்துகினு இருந்தாரு. அந்த டப்பாவைப் பாக்கத்தான் போயிருப்பாரு. அந்த இடம் கடலாமைக்குத் தெரியும். அதானே?"

"அதான் மேடம். அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ராத்திரிலேர்ந்து எழுதிட்டே இருக்கோம். பதிலே இல்ல."

எழுதியது பெரும்பாலும் சங்கரிதான். வேண்டா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 'ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் கணவர் எங்கே இருக்கிறார் என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். விதி இருக்கலாம். அதை மீறி எனக்கு அந்த இடத்தை மட்டும் சொல்லுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.' இப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக எத்தனையோ. கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. கரண்ட் போனது. மேஜைக்கடியில் யு.பி.எஸ். கீ கீ என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உயிரை விட்டது.

சங்கரி இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்நெஞ்சக்காரன்" என்றாள் மெதுவாக. "மனுஷனா அவன்?"

வெளியே மழை வலுத்தது. வங்காள விரிகுடாவில் எங்கேயோ புயல் என்று காலையில் ரேடியோ சொல்லியிருந்தது.

"இந்தக் கடலாமை எப்பவுமே இப்படித்தான் இழுத்தடிப்பானா?" என்று கேட்டாள் வேண்டா.

"சேச்சே. அன்னன்னிக்கே பார்த்துடுவார். சரின்னா சரி, இல்லைன்னா இல்லை. இந்த ஞாயித்துக்கிழமைலேர்ந்துதான் யாருக்குமே பதில் இல்ல. என்னோடது கிடப்புல, கூட விளையாடற பாலாவோடது கிடப்புல. எல்லாரும் திட்டிட்டிருக்காங்க."

"வரதன் சாரோடது மட்டும் அதுக்கு முன்னாடியே கிடப்புல கிடந்துச்சே?"

"அவரோடது எப்பவுமே லேட்தான் மேடம். எங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல வரும். அவருக்கு வாரக்கணக்காகும். கடலாமைக்கு உங்க மேல என்ன சார் கோபம்னு கிண்டல் பண்ணுவோம். சிரிப்பார்."

வேண்டா நகத்தைக் கடித்தாள். ஊருக்கெல்லாம் ஒரு நியாயம், இந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஒரு நியாயமா?

"எக்கா, ஒரு டீயாவது சொல்லுக்கா" என்று மோசஸ் முனகினான். "காத்தாலேர்ந்து நாஸ்தா இல்ல. என் மச்சான் கல்யாணத்துல பந்தி பரிமாற வுட்டாங்களே, அந்த மாதிரி கீது நம்ம பொழப்பு. ஊரே துன்னுட்டுப் பூடுச்சு. பரிமாறுன நான் உக்கார சொல்லோ அண்டாவுல வெறும் ரசம். பரிமாறுறவன் இலைக்கு அவனே போட்டுக்க முடியாது பாரு. எவனாச்சும் வந்து போடுற வரைக்கும் காத்துக்கினு..."

"இன்னா சொன்ன?"

"ரசம்க்கா."

"அதுக்கப்புறம்!"

"பரிமாறுறவன் இலைக்கு அவனே போட்டுக்க முடியாதுன்னு..."

வேண்டா எழுந்துவிட்டாள். "தம்பி, ஒரு ரிவ்யூவர் தானே ஒரு டப்பா வச்சா, அதுக்கு யாரு ஓகே சொல்றது?"

"அவரே சொல்லக் கூடாது. வேற நாட்டு ரிவ்யூவர் யாராவது பார்க்கணும். அதுக்கு வாரக்கணக்கா..." ஆதித்யாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"சங்கரியம்மா." வேண்டா அவள் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "முதல் நாள் ஒண்ணு சொன்னீங்க. ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டா கம்ப்யூட்டரை விட்டு எழுந்திரிக்க மாட்டாருன்னு. இன்னா சொல்வாருன்னு சொன்னீங்க?"

சங்கரியின் முகம் சிவந்தது. அதைச் சொல்லும்போது அன்றும் அவள் குனிந்துகொண்டாள். யாரோ ஒருத்தியோடு சாட்டிங் என்று சந்தேகப்பட்டவள் ஆயிற்றே. "காத்திருக்காங்க சங்கரி, பாவம், பதில் சொல்லிட்டு வந்துடறேன்னுவார்."

"காத்துகினு இருந்தது பொம்பளை இல்லம்மா. இந்தத் தம்பி மாதிரி டப்பாக்காரனுங்க." வேண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடலாமை பதில் எழுதாததுக்குக் கல்நெஞ்சு காரணம் இல்ல. எழுதற நிலைமையில அவரு இல்ல. இத்தினி நேரமும் நீங்க உங்க வீட்டுக்காரருக்கே எழுதி, என் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டுகினு இருந்திருக்கீங்க."

சங்கரி அந்த இருட்டுத் திரையில் கையை வைத்தாள். அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. "கல்நெஞ்சக்காரன்னு சொல்லிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழ விட நேரமில்லை. வேண்டா ஆதித்யாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ அவரு போனது தன் டப்பாவைப் பாக்க இல்ல. வேற எவனோடதையோ பாக்க. அவரு நேர்ல போய்ப் பாக்கறவரா?"

"மேப்லயே பார்த்தா போதும் மேடம். ஆனா..." ஆதித்யா யோசித்தான். "ஒருதடவை பாலாகிட்ட, நீங்க சொல்ற புளியமரத்தை வெட்டிட்டாங்க, வேற இடம் பாருங்கன்னு எழுதினார். இது எப்படி இவருக்குத் தெரியும்னு மண்டையை உடைச்சுக்கிட்டோம்."

"கால் இருக்கிறவருக்குத் தெரியும். சரி, ஸ்கூட்டரை எதுக்குப் பஸ் ஸ்டாண்டுல விட்டாரு?"

"நாங்க யாருமே டப்பா பக்கத்துல வண்டியை நிறுத்த மாட்டோம். ஊர்க்காரங்க கண்ணுல பட்டா டப்பா போயிடும். எங்கேயாவது நிறுத்திட்டு பஸ், ஷேர் ஆட்டோன்னு போய் நடந்துடுவோம்."

"இதை அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருந்தா உன்னையும் சேர்த்து உள்ள வச்சிருப்பாரு" என்றான் மோசஸ்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி கடலாமை கடைசியா எழுதினது யாருக்கு?"

ஆதித்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான். "எனக்குத்தான். சனிக்கிழமை ராத்திரி. 'கொஞ்சம் பொறுங்கள்'னு மட்டும்."

"வேற யாருக்காச்சும் பொறுங்கள்னு சொல்லியிருக்காரா?"

"இல்ல."

"உன் டப்பா எங்க?"

"சதுரங்கப்பட்டினம். கோட்டைச் சுவர் பக்கத்துல."

"மோசஸ், வண்டியை எடு!"

ஆட்டோவில் பின்னால் மூன்று பேர், நடுவில் சங்கரி. கோவளத்தில் திரும்பி ஈ.சி.ஆரைப் பிடித்ததும் சாரல் இரண்டு பக்கமும் அறைந்தது. வேண்டா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். ஆதாரத்தோடு வாருங்கள் என்றார். ஆதாரமா? மச்சான் கல்யாணத்து ரசம்தான் ஆதாரம் என்று எப்படிச் சொல்வது? வைத்துவிட்டாள்.

சங்கரி ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்திருந்தாள். "ஐஸ் கரைஞ்சிருக்கும்" என்றாள். "மாமல்லபுரத்துல நிறுத்தி வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கலாம்மா."

"அவருக்கு மருந்து இல்லன்னா முதல்ல வாந்தி வரும். அப்புறம் மூச்சு வாங்கும். அப்புறம் தூங்கிடுவார். தூங்க விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

வேண்டா தெருவைப் பார்த்தாள். தன் வாக்கைத் தானே சபித்துக்கொண்டாள். ஏதாவது ஆகியிருந்தால் இந்தப் பெண்ணின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

மோசஸ் மாமல்லபுரத்தில் ஐஸ் வாங்கிப் போட்டான். ஜோக் அடிக்கவில்லை. அதுவே வேண்டாவுக்குப் பயமாக இருந்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடல் பக்கமாக ஒரு சவுக்குத் தோப்பு வந்தது. தோப்புக்கு முன்னால், எப்போதோ மூடிப்போன எறா கம்பெனியின் துருப்பிடித்த போர்டு. இறால் குஞ்சு பொரித்து விற்ற இடம். ஆதித்யா அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாரல் அடிக்கிறது போல என்று வேண்டா நினைத்தாள். அப்போது அவளுக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அதற்காகப் பிற்பாடு அவள் தன்னையே பல நாள் திட்டிக்கொண்டாள்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் பின்னால் மழையில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆதித்யா நேராகப் போய்க் கள்ளிப்புதருக்குள் கையை விட்டான். டப்பாவை எடுத்துக் காட்டினான்.

டப்பா இருந்தது. வரதன் இல்லை.

சுவரோரமாக ஒரு சுற்று வந்தார்கள். சரிவில் இறங்கிப் பார்த்தார்கள். சங்கரி, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் அந்தக் குரல் பத்தடி போகவில்லை. மீன் வலையை மூடி வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இங்கேதான் வலை பின்னினோம், வெளியாள் யாரும் வரவில்லை என்றார். சங்கரி ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "சொல்லுங்களேன், முடிஞ்சுதா?"

இதற்கு மேல் போக வேண்டாவிடம் வழி இல்லை. கையில் இருந்தது அந்த ஒரு டப்பாதான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் புகாமல் இருக்க மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரப் பசையில் மெல்லிசாக, குச்சி குச்சியாக, என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை உருவினாள்.

"மோசஸ், இது இன்னாடா?"

"சவுக்குச் சருகுக்கா. எங்க வூட்டுல அடுப்பு எரிக்கிறதே இதுலதான்."

"இங்க சவுக்கு எங்க கீது?"

மோசஸ் சுற்றிலும் பார்த்தான். பனை இருந்தது, கள்ளி இருந்தது, மணல் இருந்தது. சவுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆதித்யாவைப் பார்த்தார்கள்.

பையன் ஒரு அடி பின்வாங்கினான்.

"நான்தான் மாத்தினேன்" என்றான். "முதல்ல அந்த எறா கம்பெனிச் சுவர்லதான் வச்சேன். பொறுங்கள்னு சொன்னதும், இடம் பிடிக்கலை, தட்டிக் கழிக்கப் போறார்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள போய் எடுத்துட்டு வந்து இங்க வச்சிட்டேன்."

"வெப்சைட்ல?"

"மாத்தல. அதை மாத்தினா புதுசு மாதிரி ஆகி, வரிசையில கடைசிக்குப் போயிடுமோன்னு பயம். ஓகே வந்தப்புறம் மாத்திக்கலாம்னு..."

"ரேஷன் கடை வரிசையில கல்லைப் போட்டுட்டுப் போவாங்களே, அந்த மாதிரி!" வேண்டா கத்தியேவிட்டாள். "கல்லு ஒரு எடம், நீ ஒரு எடம். அந்த மனுஷன் கல்லை நம்பி அங்க போயிட்டாரு! அந்த வழியாத்தானே வந்தோம்? வாயைத் திறந்தியாடா நீ?"

"டப்பா இருக்கிற இடத்துலதான் சார் இருப்பார், இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன் மேடம். அங்க இருந்தா அதுக்கு நான்தானே காரணம்..."

மோசஸ் கையை ஓங்கினான். சங்கரி குறுக்கே வந்தாள். "அடிக்கிறதை அப்புறம் அடிங்க. வண்டியை எடுங்க" என்றாள். அவள் குரலில் முதல் தடவையாக அதட்டல் இருந்தது.

வந்த வழியே திரும்பினார்கள். எறா கம்பெனியின் கேட் பூட்டியிருந்தது, பக்கத்துச் சுவர் இடிந்திருந்தது. உள்ளே வரிசையாக பாழடைந்த சிமெண்ட் தொட்டிகள், பாதிக் கூரை பறந்துபோன கொட்டகைகள், முழங்கால் உயரத்துக்குப் புதர். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் காதோடு பேசினாலும் கேட்காது போலிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

சுவர் ஓரத்தில் டப்பா இருந்த பொந்து காலியாக இருந்தது. வேண்டா அதற்கு முன்னால் நின்று யோசித்தாள். மற்றவனாக இருந்தால் டப்பா இல்லை என்றதும் போயிருப்பான். இவரால் போக முடியாது. டப்பா நிஜமாகவே இல்லையா, தன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று உறுதியாகத் தெரியாமல் அடுத்தவன் உழைப்பைத் தள்ளுபடி செய்கிற ஆள் இல்லை இவர். காத்திருக்காங்க, பாவம் என்கிறவர். முழுக்கத் தேடியிருப்பார்.

"ஆதித்யா! இங்க வாடா. உனக்குத்தான் டப்பா தேடற கண்ணு இருக்கு. பொந்துல டப்பா இல்லைன்னா அடுத்து எங்க தேடுவே?"

ஆதித்யா கண்ணாடியில் வழிந்த நீரைத் துடைத்தான். சுவரைப் பார்த்தான், தொட்டிகளைப் பார்த்தான். "பம்ப் ரூம் பின்னாடி" என்றான். "குழாய் வளையற இடத்துல. நானா இருந்தா அங்கதான் வச்சிருப்பேன்." சொல்லிக்கொண்டே ஓடினான்.

"நில்லுடா, பார்த்துப் போ!" என்று வேண்டா பின்னாலேயே ஓடினாள்.

பம்ப் ரூமுக்குப் பின்னால் செடி மூடிய தரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தது. பார்த்தால் தரை மாதிரியேதான் இருந்தது. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு ஓட்டை. உடைந்த விளிம்பு இன்னும் வெள்ளையாக, புதுசாக இருந்தது. ஆதித்யா குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். கடல் தண்ணீர் தேக்கி வைத்த பெரிய நிலத்தடித் தொட்டி. கூரைத் தண்ணீரெல்லாம் ஒரு குழாய் வழியாக அதற்குள்தான் கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே, சுவரில் போன ஒரு குழாயைக் கட்டிப் பிடித்தபடி, ஒரு தலை.

"சார்!"

தலை அசையவில்லை.

"வரதன் சார்!"

சங்கரி வந்து மண்டியிட்டாள். அவள் கத்தவில்லை. தினம் ராத்திரி சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில், கொஞ்சம் அலுப்பும் கொஞ்சம் கோபமுமாக, "வாங்க, சாப்பாடு ஆறிப்போகுது" என்றாள்.

அந்தத் தலை மெல்ல நிமிர்ந்தது.

"உசிரு கீதுக்கா! அண்ணாத்தைக்கு உசிரு கீது!" மோசஸ் ஆட்டோவைக் கட்டி இழுக்கிற கயிற்றோடு ஓடி வந்தான். ஒரு முனையைப் பம்ப் ரூம் தூணில் கட்டிவிட்டு, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே இறங்கினான். நெஞ்சளவு தண்ணீர். "எக்கா, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு இப்பதான் ஞாபகம் வருது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வேண்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேண்டாவும் ஆதித்யாவும் சேர்ந்து இழுத்தார்கள். ஆதித்யாவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் விடவில்லை.

வரதனை மேலே கிடத்தினார்கள். வலது கால் வீங்கித் திரும்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. மூச்சு வேகமாக, ஆழமாகப் போய்க்கொண்டிருந்தது. சங்கரி ஃபிளாஸ்க்கைத் திறக்கப் போனாள். வேண்டா தடுத்தாள். "ஆஸ்பத்திரியில பார்த்துப் போடட்டும்மா. நூத்தியெட்டுக்குப் போன் போட்டாச்சு, ஆம்புலன்ஸ் வந்துகினு இருக்கு. நீங்க அவரைத் தூங்க மட்டும் விடாதீங்க."

"என்னங்க, தூங்காதீங்க. பேசுங்க. ஏதாவது பேசுங்க."

வரதன் கண்ணைத் திறந்தார். முதலில் அவர் பார்வையில் பட்டது ஆதித்யா. பையன் கும்பிட்டபடி நின்று தேம்பிக்கொண்டிருந்தான்.

"அந்த... டப்பா" என்றார் வரதன். குரல் காற்றாக வந்தது. "நல்லாத் தேடினேன்... இல்லையேப்பா..."

"நான் எடுத்துட்டேன் சார். என் தப்பு சார். மன்னிச்சிடுங்க சார்."

வரதன் அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, ஆபீஸ் குரலில் சொல்லி முடித்தார். "இடம்... ஆபத்து. அனுமதி... இல்லை."

"அப்பாடா" என்றான் மோசஸ், சட்டையைப் பிழிந்துகொண்டே. "ஒரு வழியா ஆமை பதில் சொல்லிடுச்சு. உன் டப்பா ஊத்திக்கிச்சு தம்பி."

ஆதித்யா தலையை ஆட்டினான். அழுதுகொண்டே சிரித்தான்.

வரதன் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். ஆமை என்ற பேர் இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்று அந்தப் பார்வை கேட்டது. சங்கரி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"அவனுக்குச் சொல்லிட்டீங்க. நானும் ஞாயித்துக்கிழமைலேர்ந்து கடலாமைக்கு எழுதிட்டே இருக்கேன்" என்றாள். "எனக்குப் பதில்?"

"என்ன... கேட்டே?"

"என் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டேன்."

வரதனின் கை மண்ணில் ஊர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இதோ" என்றார்.